மனம் வெறுத்த தலைவர் பாதியில் போய்விடுவாரா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போனால், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், கட்சியில் மாவட்டப் பொறுப்பு கைமாறினால், தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை ஒரு பேச்சு கிளம்பிவிடும்: “அவரு வெறுத்துப் போயிட்டாராம், லெட்டர் எழுதி வச்சிட்டாராம்.” அப்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இன்னார் போவார், இன்னார் இருப்பார் என்று குறி சொல்லும் வேலை எனக்கு வேண்டாம். இதுவரை நடந்ததை வைத்துத்தான் பதில்.

நேராகச் சொல்லுங்க சார், போவாரா மாட்டாரா?

பெரும்பாலும் மாட்டார். வெறுப்பு மட்டும் ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடாது. அதோடு இன்னொன்றும் சேர வேண்டும். ஒன்று, எழுந்து போனால் உட்கார வேறு இடம் இருக்க வேண்டும். அல்லது, சொந்தக் கட்சிக்காரர்களே இனி உட்கார விட மாட்டார்கள் என்ற நிலை வந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. காமராஜர் 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியை விட்டார். பக்தவத்சலம் வந்தார். காமராஜர் வீட்டுக்குப் போய்விடவில்லை. மூன்றே மாதத்தில் அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். ராஜாஜி கதை வேறு. 1953-ல் கொண்டுவந்த கல்வித் திட்டத்துக்கு வெளியில் இருந்த எதிர்ப்பைவிடக் கட்சிக்குள் இருந்த எதிர்ப்பு அவரை நெருக்கியது. 1954-ல் உடல்நிலையைக் காரணம் சொல்லி விலகினார். காமராஜர் பதவியேற்ற நாள் ஏப்ரல் 13. திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி உப்பு யாத்திரை கிளம்பியதும் 1930-ல் அதே ஏப்ரல் 13 தான். தற்செயல், வேறொன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதைச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

டிவியிலேயே அறிவித்துவிட்டாரே, அப்புறம் என்ன சந்தேகம்?

அறிவிப்பு வேறு, ராஜினாமா வேறு. கடிதம் யார் கைக்குப் போனது என்று மட்டும் பாருங்கள். எம்.எல்.ஏ. என்றால் சட்டப்பேரவைத் தலைவர். மக்களவை உறுப்பினர் என்றால் மக்களவைத் தலைவர். மாநிலங்களவை என்றால் அதன் தலைவரான குடியரசுத் துணைத் தலைவர். முதலமைச்சர் என்றால் ஆளுநர். இவர்களைத் தவிர வேறு யாரிடம் கொடுத்தாலும் அது வெறும் காகிதம்.

2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரி அ.தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினர் முத்துக்கருப்பன் கேமரா முன்பு ராஜினாமாவை அறிவித்தார். அவருடைய பதவிக்காலம் 2020 ஏப்ரலில், முழுதாக ஆறு ஆண்டும் ஆன பிறகுதான் முடிந்தது.

கருணாநிதியின் வாழ்க்கையில் இரண்டு விதமும் உண்டு. 1983-ல் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக அவரும் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை விட்டார்கள், உண்மையாகவே விட்டார்கள். 2008 அக்டோபரில் அதே இலங்கைப் பிரச்சினைக்காக தி.மு.க. எம்.பி.க்கள் ராஜினாமா கடிதம் எழுதினார்கள், ஆனால் கொடுத்தது கட்சித் தலைவரான கருணாநிதியிடம். டெல்லியிலிருந்து பிரணாப் முகர்ஜி வந்து பேசிவிட்டுப் போனார். கடிதங்கள் அவைத் தலைவர்களின் மேசையைப் பார்க்கவே இல்லை. பேரம் பேசவும் கடிதம் பயன்படும், போகவும் பயன்படும். தலைவரிடம் கொடுத்தால் அது முதல் வகை.

சபாநாயகரிடம் கொடுத்தவுடனே பதவி போய்விடுமா?

போகாது. முன்பு கொடுத்தவுடன் போகும் என்றுதான் இருந்தது. 1974-ல் குஜராத்தில் நடந்த கிளர்ச்சியின்போது எம்.எல்.ஏ.க்களைச் சூழ்ந்துகொண்டு மிரட்டிக் கடிதம் வாங்கினார்கள். அதன் பிறகு அரசியல் சட்டத்தின் 33-வது திருத்தம் வந்தது. அதன்படி, கடிதம் உண்மையானதா, சொந்த விருப்பத்தில் எழுதியதா என்று பேரவைத் தலைவர் பார்த்துத் திருப்தி அடைந்து ஏற்றால்தான் பதவி போகும். இரண்டில் ஒன்று சரியில்லை என்று பட்டால் அவர் ஏற்காமல் இருக்கலாம்.

கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் திரும்ப வாங்க முடியுமா?

ஏற்பதற்கு முன் என்றால் வாங்கலாம். வருங்காலத் தேதி போட்ட கடிதம் என்றால் அந்தத் தேதி வரும்வரை வாங்கலாம் என்று ஒரு நீதிபதியின் ராஜினாமா வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஏற்றுவிட்டால் கதை முடிந்தது. 2017 பிப்ரவரி 5 அன்று ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிக் கடிதம் அனுப்பினார். மறுநாள் ஆளுநர் ஏற்றார். அதற்கும் மறுநாள் இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்து, கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றார். ஊரே டிவி முன் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் கடிதம் திரும்பவில்லை; பிப்ரவரி 16 அன்று எடப்பாடி பழனிசாமி பதவியேற்றார். இடையில் இருந்த நாட்களில் பன்னீர்செல்வம் காபந்து முதல்வர். இரண்டு நாள் முன்னால் அந்தக் கண்ணை மூடியிருந்தால் தமிழ்நாட்டு அரசியல் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எங்கள் டீக்கடையில் வாதாட ஆள் இருக்கிறார்கள்.

எழுதி வைப்பதே ஆபத்து என்பதற்கு இன்னொன்று. 1989-ல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா எம்.எல்.ஏ. பதவியை விடுவதாக எழுதிய கடிதம் வெளியே வந்தது. தான் அனுப்பவில்லை என்றார். பெரிய புயல் அடித்து ஓய்ந்தது. பிறகு அதே மனிதர்தான் 1991-ல் முதல்வர். வெறுத்துப்போய் எழுதியவர் அதோடு முடிந்துவிடுவார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எம்.எல்.ஏ. ஏன் அண்ணே வெறுத்துப் போறாரு? அவருக்கு என்ன குறை?

அறுவடை நேரத்தில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு அவரோடு போய் நின்று பாருங்கள். குறுவை அறுத்த நெல் ரோட்டோரம் நீளமாகக் குவித்துக் கிடக்கும். மேலே நீலப் படுதா. படுதாவைத் தூக்கினால் அடியில் நெல் சூடாக இருக்கும், இரண்டு நாள் மழை பெய்திருந்தால் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். உள்ளே ஈரப்பதம் பார்க்கும் கருவியில் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டுப் பார்ப்பார்கள். 17-க்கு மேல் காட்டினால் “காய வச்சு எடுத்துட்டு வாங்க”. எங்கே காய வைப்பது? வெயில் இருந்தால் விவசாயி ஏன் இங்கே வந்து நிற்கிறார்? எடை போட்ட 40 கிலோ மூட்டைகள் வேறு லாரி வராமல் அடுக்கிக் கிடக்கும். அது நகர்ந்தால்தான் அடுத்தவர் நெல்லுக்கு இடம்.

இந்த நேரத்தில் எம்.எல்.ஏ. கார் வந்து நிற்கிறது. அத்தனை பேரும் அவரைச் சுற்றிக்கொள்கிறார்கள். அவர் என்ன செய்ய முடியும்? 17 சதவீதம் என்பது மத்திய அரசு வைத்த அளவு. அதைத் தளர்த்த மாநில அரசு கேட்க வேண்டும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், உத்தரவு வர வேண்டும். லாரியும் சாக்கும் நெல்லை வாங்கும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கையில். அவர் செய்யக்கூடியது போன் போடுவது. போடுகிறார். “பார்க்கிறேன் சார்” என்று மறுமுனையில் ஒரு குரல். சுற்றி நிற்பவர்களுக்கு அவர் முகம்தான் அரசாங்கம். திட்டு முழுக்க அவருக்கு, அதிகாரம் முழுக்க வேறிடத்தில். ஆளுங்கட்சிக்காரர் என்றால் வெளியே புலம்பவும் முடியாது. இதில் வெறுப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எனக்கு அவர்கள் மேல் அளவுகடந்த இரக்கம் ஒன்றும் இல்லை. இது தெரிந்துதானே நின்றார்கள்? ஆனால் காரணத்தைக் காரணமாகச் சொல்லத்தான் வேண்டும்.

காவிரிக்காக எல்லாரும் ராஜினாமா பண்ணினால் தண்ணீர் வந்துவிடாதா?

ஒவ்வொரு வறண்ட ஆண்டும் வரும் கேள்வி இது. விலகியவர்கள் இருக்கிறார்கள். 1991-ல் மத்திய அமைச்சராக இருந்த வாழப்பாடி ராமமூர்த்தி காவிரிப் பிரச்சினையில் பதவியை விட்டார். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2007-ல் காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு வந்தபோது, கர்நாடகத்துக்கு அநியாயம் என்று சொல்லி மத்திய இணையமைச்சர் பதவியிலிருந்து மண்டியாவின் அம்பரீஷ் விலகினார். ஒரே ஆற்றுக்காக இரண்டு கரையிலும் நாற்காலியை விட்டிருக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கை மாற்றியது எது என்று தேதியை வைத்துப் பாருங்கள். 1991 ஜூன் 25 அன்று கர்நாடகம் 205 டி.எம்.சி. தரச் சொல்லி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு. அது அரசிதழில் வந்தது டிசம்பரில், உச்ச நீதிமன்றம் போய் வந்த பிறகு. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு. மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. அது அரசிதழில் வர 2013 பிப்ரவரி 19 ஆனது. ஆறு வருடம்! 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது, ஆனால் கூடவே அமல்படுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்றது. அந்த ஆண்டு ஜூனில் மேலாண்மை ஆணையம் வந்தது. வழக்கு, தீர்ப்பு, அரசிதழ், ஆணையம் என்று மெதுவாக, சலிப்பூட்டும்படி நகர்ந்த விஷயம் இது. சலிக்காமல் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களால் கிடைத்தது.

மீதியை மழை பார்த்துக்கொண்டது. மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது மரபு. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம், குறுவை பலருக்குப் போனதுதான். அந்த இரண்டு ஆண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை எந்த ராஜினாமாவும் மாற்றியிருக்காது.

அதற்காக ராஜினாமா வீண் என்று சொல்லவில்லை. டெல்லியில் ஆட்சியைத் தாங்கும் கட்சியின் எம்.பி.க்கள் மொத்தமாக விலகினால் அரசு ஆடும். ஆடும் என்ற பயம்தான் மிரட்டலுக்கு மதிப்பு. ஆட்சிக்கு நம் எம்.பி.க்கள் தேவைப்படாதபோது அவர்கள் விலகினால் நம் பக்கம் பேச ஆள் குறையும், அவ்வளவுதான்.

எம்.எல்.ஏ. போய்விட்டால் தொகுதி எத்தனை நாள் காலியாகக் கிடக்கும்?

சட்டப்படி ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். சபையின் மிச்சக் காலம் ஒரு வருடத்துக்குக் கீழ் என்றால் தேர்தல் கட்டாயம் இல்லை. அதனால்தான் கடைசி வருடத்தில் “வெறுத்துப் போய்” விலகுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

ஆறு மாதம் என்பது ஏட்டில். நடந்ததைச் சொல்கிறேன், இது ராஜினாமாவால் வந்த காலியிடம் இல்லை என்றாலும். தஞ்சாவூர் எம்.எல்.ஏ. ரங்கசாமி 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் ஒருவர். வழக்கு நீதிமன்றத்தில் ஓடியது. திருவாரூர் எம்.எல்.ஏ. கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று காலமானார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தஞ்சாவூருக்கும் எம்.எல்.ஏ. இல்லை, திருவாரூருக்கும் இல்லை. டெல்டாவின் இரண்டு மாவட்டத் தலைநகரங்கள்! பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது, மின்கம்பம் எல்லாம் கீழே, நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இரண்டு தொகுதிக்காரர்களுக்குச் சட்டமன்றத்தில் எழுந்து கேட்கத் தங்கள் ஆள் என்று ஒருவர் இல்லை.

திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 அன்று தேர்தல் என்று அறிவித்தார்கள். நிவாரண வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அதையும் ரத்து செய்தார்கள். கடைசியில் இரண்டு தொகுதிக்கும் மக்களவைத் தேர்தலோடு ஏப்ரல் 18-ல் வாக்குப்பதிவு, முடிவு மே 23-ல். தஞ்சாவூர்க்காரர்கள் எம்.எல்.ஏ. இல்லாமல் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தார்கள்.

“ராஜினாமா செய்!” என்று கூட்டத்தில் கோஷம் போடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. அவருக்கு ஒன்றும் ஆகாது, அவர் வேறு வேலை பார்ப்பார். காலியாவது நம் இடம்.

முதல்வர் விலகினால் சட்டமன்றம் கலைந்துவிடுமா?

இல்லை. அமைச்சரவை போகும், சட்டமன்றம் இருக்கும். பெரும்பான்மை உள்ள இன்னொருவர் வரலாம்.

நாமே அவரைத் திருப்பி அழைக்க முடியுமா?

எம்.எல்.ஏ., எம்.பி. விஷயத்தில் முடியாது. அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. அடுத்த தேர்தல்தான்.

கௌரவமாக, யாரும் தள்ளாமல் போனவர் யாராவது உண்டா?

கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர். 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. இரண்டாவது முறை ஏற்றார். எட்டே வருடத்தில் சாஸ்திரி பிரதமர்.

இதை எல்லாரும் மேடையில் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, சாஸ்திரி இரண்டு முறை எழுதியதை. முதல் கடிதம் திரும்பி வந்ததும் “நான் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை” என்று அதை வைத்தே பத்து வருடம் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

எங்க ஊராட்சித் தலைவரும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அதுவும் இதே கணக்கா?

இல்லை. அங்கே வலி நிஜம். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் முறுக்கிக்கொண்டால் தெருவிளக்கு பல்பு வாங்கக்கூட வழி கிடையாது. தனித் தொகுதியில் ஜெயித்த தலைவர், அதிலும் பெண் என்றால், அந்தக் கையெழுத்து ஒரு கடிவாளம். “வெறுத்துப் போயிட்டாங்க” என்று ஊர் சொல்லும். வெறுக்க வைத்தது யார் என்று ஊர் சொல்லாது.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற பெயர்களை மறக்க முடியுமா? தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சிகள். 1996-லிருந்து பத்து வருடம் அங்கே ஒரு தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. ஒன்று வேட்பு மனுவே வராது. வந்து ஜெயித்தால் உடனே ராஜினாமா. 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். அந்த ராஜினாமாக்களை ராஜினாமா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எனவே ஓர் ஊராட்சித் தலைவர் பாதியில் போனால், அவரிடம் “ஏன் போனீர்கள்” என்று கேட்பதற்கு முன்னால் துணைத் தலைவரையும் ஊர்ப் பெரியவர்களையும் விசாரியுங்கள்.

டெல்டாவில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பாதியில் போக நினைத்தவரும் போகாதவரும் ஒரே நாளில் முன்னாள் ஆனார்கள்.

கட்சி மாறத்தான் ராஜினாமா என்கிறார்களே?

அதுவும் உண்டு. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின் தாவினால் பதவி போகும். அதனால் முதலில் விலகிவிட்டு, புதுக் கட்சியின் சின்னத்தில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வருவது ஒரு வழியானது. 2019-ல் கர்நாடகத்தில் 17 எம்.எல்.ஏ.க்கள் விவகாரத்தில், ராஜினாமா கொடுத்துவிட்டால் தகுதி நீக்கத்திலிருந்து தப்பிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மீண்டும் தேர்தலில் நிற்கத் தடையில்லை என்றும் சொன்னது. பெரும்பாலானவர்கள் நின்றார்கள், ஜெயித்தார்கள்.

சரி, உண்மையிலேயே போகப் போகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச்சைக் கேட்காதீர்கள். முகூர்த்த நாளில் அவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். நம் பக்கத்தில் அரசியல்வாதி ஒரே முகூர்த்தத்தில் பத்து கல்யாணத்துக்குப் போவார், மொய் எழுதுவார், போட்டோவுக்கு நிற்பார். அடுத்த தேர்தலில் நிற்க நினைப்பவருக்கு இது விட முடியாத வேலை. அது நின்றுபோய், தனக்குப் பதிலாக மகனையோ ஒன்றியச் செயலாளரையோ அனுப்ப ஆரம்பித்தால் யோசிக்கலாம். அவரோடு கூடவே சுற்றும் உதவியாளர் புதிதாக இன்னொருவர் வீட்டு வாசலில் நின்றாலும் யோசிக்கலாம். அவர்களுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும். மாறாக, காலையில் “மனசு விட்டுப் போச்சு” என்று பேட்டி கொடுத்தவர் சாயங்காலம் ரேஷன் கடைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டி, கல்வெட்டில் தன் பெயருக்குக் கீழே யார் பெயர் வருகிறது என்று குனிந்து பார்த்தால், அவர் எங்கேயும் போகவில்லை.

எம்.எல்.ஏ. இடம் காலி. என் மனுவை யாரிடம் கொடுப்பது?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் எப்போதும் போல நடக்கும். விவசாயம் சம்பந்தப்பட்டது என்றால் மாதம் ஒரு முறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே வேளாண்மை, நீர்வளம், கூட்டுறவு, மின்வாரியம், வாணிபக் கழகம் எல்லாத் துறை அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் எழுந்து வராதீர்கள். உங்கள் எம்.பி. அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு எம்.எல்.ஏ.வே தேவையில்லை. டெல்டாவில் வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அந்த ஆண்டு அறிவிப்பை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ போனால் போதும். அடங்கலுக்கு வி.ஏ.ஓ.வைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள், அவர் கிடைக்க மாட்டார்.